கழுத்து ஒடிந்த பூ

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பூவை நான் வேண்டுமென்று ஒடிக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளையிடம் ஒரு வாளி நிறையப் பூவைக் கொடுத்துவிட்டு, "தொடாதே, பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆனால் அன்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

ராயபுரத்தில் எங்களுக்குக் கருப்பட்டி மண்டி. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தாத்தா ஆரம்பித்தது. மண்டிக்குப் பின்னால் வீடு. அதில் தாத்தா, அப்பா, அம்மா, நான், அப்புறம் அத்தை. அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனை டைபாய்டுக்குக் கொடுத்துவிட்டு எங்களிடம் திரும்பி வந்தவள். ஐந்து வருஷமாக அவள் தலையில் பூ கிடையாது. நாங்கள் வேதக்காரர்களாகி, அதாவது கிறிஸ்தவர்களாகி, மூன்று தலைமுறை ஆகியிருந்தது. புருஷன் செத்தவள் பூ வைக்கக்கூடாது என்று வேதத்தில் எங்கே இருக்கிறது என்று அப்பா கேட்டுப் பார்த்தார். "வேதத்துல இல்லாட்டி என்ன, ஊர்ல இருக்குல்லா" என்று தாத்தா முடித்துவிட்டார்.

அந்த அத்தையைப் பெண் கேட்டு ஒருவர் வந்தார். குன்னூரில் பெரிய பூந்தோட்டம் ஒன்றை மேற்பார்வை பார்க்கிறவர். சீமையிலிருந்து கப்பலில் வரும் பூக்கிழங்குப் பெட்டிகளை எடுத்துப் போக வருஷத்துக்கு ஒருமுறை துறைமுகத்துக்கு வருவார். ஊர்க்காரர் என்பதால் எங்கள் வீட்டில்தான் தங்குவார். ஒருமுறை எனக்கு ஒரு கிழங்கு கொடுத்தார். சாம்பார் வெங்காயம் அளவுதான் இருந்தது. ஃப்ரீசியா என்று பெயர் சொன்னார். பிஸ்கட் டின்னில் மண் போட்டு நட்டேன். ஐப்பசி மழையில் கோரைப்புல் மாதிரி இலை வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை, வெயிலில் கருகிப் போயிற்று.

அடுத்த முறை வந்தபோது நான் சண்டைக்குப் போனேன். அவர் சிரித்தார். "மெட்ராஸ் குளிரெல்லாம் அதுக்குக் குளிரே இல்ல பாப்பா. அது ஆப்பிரிக்காவோட தெக்கு முனையில, பாறை இடுக்குல தானா முளைக்கிற காட்டுப்பூ. குளிர்கால மழையில பூத்துட்டு, கோடையில மண்ணுக்குள்ள தூங்கிடும். வெள்ளைக்காரங்க கொண்டுபோயி ஒண்ணோட ஒண்ணு சேத்து சிவப்பு, ஊதா, மஞ்சள்னு ஆக்கிட்டாங்க. கலர் வந்துச்சு, வாசம் கொறஞ்சு போச்சு. காட்டுல இருந்த வெள்ளைக்குத்தான் அந்த வாசம்." என்னிடம்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் நிற்கிற எனக்குச் சொல்ல அவ்வளவு சத்தம் தேவையில்லை. உள்ளே அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், முறத்தின் சத்தம் நின்றிருந்தது.

ஒரு வருஷம் பிடிவாதம் பிடித்துவிட்டுத் தாத்தா சம்மதித்தார். மூன்று நிபந்தனை போட்டார். மேளம் கூடாது. ஊர்வலம் கூடாது. தலையில் பூ கூடாது. கையில் பூச்செண்டு பிடிப்பது வெள்ளைக்காரர் வழக்கம், அதில் தோஷமில்லை என்று மட்டும் இறங்கி வந்தார். அந்தச் செண்டுக்குத்தான் மாப்பிள்ளை குன்னூரிலிருந்து வெள்ளை ஃப்ரீசியாவை வரவழைத்தார். அவர் முதல் நாளே வந்துவிட்டார். பூ மட்டும் வாடாமல் இருக்கக் கல்யாணத்தன்று காலை ரயிலில் வந்தது.

அப்பா சென்ட்ரலுக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்து, குழாயடியில் ஒரு வாளித் தண்ணீரில் பூக்களைத் தண்டோடு நிறுத்தினார். "எட்டரை மணிக்கு ஒங்க பள்ளிக்கூட டீச்சரம்மா வந்து செண்டு கட்டுவாங்க. அதுவரைக்கும் தொடாம பாத்துக்கோ, நீதான் காவல்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தாத்தாவோடு கோயிலுக்குப் போய்விட்டார். அம்மா அடுக்களையில். அத்தை உள்ளறையில் உடுத்திக்கொண்டிருந்தாள்.

நான் வாளியை எட்டிப் பார்த்தேன். பால் வெள்ளை, தொண்டையில் மஞ்சள் தீற்றல், அப்படியொரு வாசம். ஆனால் அத்தனை பூவுக்கும் கழுத்து ஒடிந்திருந்தது! தண்டு நேராக வருகிறது, பூ ஆரம்பிக்கிற இடத்தில் சடாரென்று பக்கவாட்டில் மடங்கிவிடுகிறது. ஒன்றில்லை, இரண்டில்லை, வாளியில் இருந்த அத்தனையும். ரயிலில் எவனோ மூட்டையைத் தூக்கி மேலே போட்டிருக்கிறான். அத்தை கல்யாணம் போச்சு! ஒரு தண்டைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தினேன். டக்கென்று கையோடு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பூக்கார அக்கா கூடையோடு வந்தாள், வந்திருந்த உறவுக்காரப் பெண்களுக்குக் கனகாம்பரம் கொடுக்க. "இன்னா பாப்பா, பேயறஞ்ச மாரி நின்னுகினு கீற?"

நான் வாளியைக் காட்டினேன்.

"அய்யய்யே! அல்லாம் கழுத்து ஒடிஞ்சி கீதே! எந்தக் கஸ்மாலம் இத்த ரயில்ல ஏத்துனது?" என்று அவளும் பதறிப் போனாள். அப்புறம் ஒரு பூவைக் கிள்ளி விரலில் உருட்டிப் பார்த்தாள். "அயாத கண்ணு. வாடறதுக்குள்ள தொடுத்துட்டா உசுரோட கெடக்கும். நீ கிள்ளிக் கிள்ளிக் குடு."

நான் கிள்ளிக் கொடுத்தேன். அவள் வாழைநாரில் மளமளவென்று தொடுத்தாள். அரை மணியில் நாலு முழம். மொட்டைத் தண்டுகளை மட்டும் ஒழுங்காக வாளியில் திருப்பி வைத்தேன். கல்யாணத்தையே நான் காப்பாற்றிவிட்ட மாதிரி எனக்கு நெஞ்சு நிமிர்ந்துகொண்டது.

டீச்சரம்மா வந்தார். வாளியைப் பார்த்ததும் கையை வாயில் வைத்தவர் எடுக்கவே இல்லை. கடைசியில், "யார் செஞ்சது?" என்றார்.

"ஒடிஞ்சி வந்துச்சும்மா, நான்தான்..." என்று பூக்கார அக்கா ஆரம்பித்தாள்.

"ஒடியலம்மா. இந்தப் பூவே அப்படித்தான் வளையும். வளைஞ்சு, மேல பாத்து வரிசையா உக்காந்திருக்கும். அதுக்காகத்தான் அவ்வளவு தூரத்துல இருந்து வரவழைச்சாங்க."

"அடக் கடவுளே!" பூக்கார அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்து, கேட்டு முடிப்பதற்குள் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

சத்தம் கேட்டு அத்தை வெள்ளைப் பட்டுச் சேலையோடு வெளியே வந்தாள். மொட்டைத் தண்டுகளைப் பார்த்தாள், சரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சரத்தை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அப்புறம் துவைகல்லில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

"வச்சு விடு" என்றாள்.

அம்மா குறுக்கே வந்தாள். "ஏட்டி, வேண்டாம்! ஒங்கப்பாவுக்கு நெஞ்சு தாங்காது."

"நெஞ்சு எனக்கும் இருக்கு மைனி."

நான்தான் வைத்தேன். இரண்டு கொண்டை ஊசி கீழே விழுந்தது.

கோயில் வாசலில் கோட்டும் தலைப்பாகையுமாகத் தாத்தா காத்திருந்தார், மகளைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப் போக. அத்தை காரைவிட்டு இறங்கினாள். கடல் காற்றில் நெட் முக்காடு விலகியது. வாசம் முதலில் போய்ச் சேர்ந்தது, அப்புறம்தான் தாத்தா பூவைப் பார்த்தார். நீட்டிய கை அப்படியே கீழே இறங்கியது. விடுவிடுவென்று போய் மதிலோரத்துப் பூவரச மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

உள்ளே ஜனங்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்மோனியக்காரர் ஒரே பாட்டை மூன்றாம் தடவை ஆரம்பித்தார். "நான் கூட்டிட்டுப் போறேன், வா" என்று அப்பா கையை நீட்டினார். அத்தை அசையவில்லை. "அப்பா வரட்டும். நிக்கிறேன்" என்றாள். பூவை எடுத்துவிடு என்று போதகரின் மனைவி அவள் காதில் சொன்னாள். அதற்கும் அசையவில்லை.

எல்லாம் என்னால்தானே! மரத்தடிக்கு ஓடினேன்.

"தாத்தா, அத்தைய ஒண்ணும் சொல்லாதீங்க. பூவ நான்தான் ஒடிச்சேன். நான்தான் தொடுக்கக் குடுத்தேன். தலையில வச்சதும் நான்தான்."

தாத்தா திரும்பினார். கண் சிவந்திருந்தது. "நீயா வச்ச?"

"நான்தான்."

"ஒன் கையாலயா?"

அடி வாங்கத் தயாராக இரண்டு கையையும் நீட்டினேன். அவர் அடிக்கவில்லை. குனிந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்து, தரதரவென்று வாசலுக்கு இழுத்து வந்து, மண்டியில் மூட்டை இறக்குகிறவர்களைக் கூப்பிடுகிற குரலில் கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"சின்னப் பிள்ளை, தெரியாம வச்சிட்டா! என்ன செய்ய? பிள்ளை கையால வச்ச பூவ எடுக்கவா முடியும்?"

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அவர் அத்தையிடம் கையை நீட்டினார். அத்தை அவர் தோளில் முகத்தை ஒருமுறை வைத்து எடுத்தாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

அதோடு விட்டாரா? பந்தியில் ஒவ்வோர் இலைக்கும் குனிந்து, "எல்லாம் எம் பேத்தி வேலை" என்று சொல்லிக்கொண்டே போனார். பெரிய மனுஷன் இப்படியா நம்பிச் சொன்ன பிள்ளையை ஊருக்கெல்லாம் காட்டிக் கொடுப்பார்? அத்தை குன்னூருக்கு ரயிலேறிய பிறகும் ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை. சாயங்காலமானால் கடலை மிட்டாய் வாங்கி வந்து நீட்டுவார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் சிரிப்பார். செய்ததையும் செய்துவிட்டு இந்த மனுஷனுக்குச் சிரிப்பு வேறு வருகிறதே என்று எனக்கு இன்னும் ஆத்திரமாக வரும்.