ஊத ஓர் இடம்

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போ நகரத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி பேண்டில் பெண்களுக்கு கிளாரினெட்டோ புல்லாங்குழலோ கொடுப்பதுதான் வழக்கம். என் கைக்கு டிரம்பெட் வந்தது திறமையால் அல்ல. முதல் நாள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். மற்றவர்கள் ஊதியபோது வெறும் காற்றுதான் வந்தது. நான் ஊதியபோது ஏதோ ஒரு சத்தம் வந்தது. எருமைக்கன்று கத்தியது மாதிரி இருந்ததென்று என் அறைத்தோழி பல நாள் சொல்லிச் சிரித்தாள். எப்படியோ, சத்தம் வந்ததே என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பேண்டை நடத்தியவர் பூகோள விரிவுரையாளர். எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதை முந்தின நாள்தான் புத்தகத்தில் படித்துவிட்டு வருவார். அதை அவர் மறைத்ததும் இல்லை. இரண்டாம் ஆண்டில் கல்லூரி விழாவுக்கு ஒரு பாட்டு எடுத்தோம். அதில் டிரம்பெட் மட்டும் தனியாக வாசிக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே எனக்கு மேல்சுரங்கள் ஏறவில்லை. உதட்டோடு வைத்து அழுத்தினால் வரும். அழுத்த அழுத்த உள்ளுதடு பல்லில் பட்டுக் கிழியும். ஒருநாள் என் கைக்குட்டையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அவர் பாட்டை நிறுத்தினார்.

“இதுக்கு மேல எனக்குத் தெரியாதுலா. ஜெலாப்பாங்ல ஒரு மாஸ்டர் இருக்காரு. போய்க் கேட்டுப் பாரு. ஆனா லேசுல யாரையும் சேக்க மாட்டாரு.”

அந்த மாஸ்டரை எனக்கு முன்பே தெரியும். தெரியும் என்றால், கேட்டிருக்கிறேன். உயிர்த்த ஞாயிறு விடியற்காலைப் பூசையில் மாதா கோயில் மாடியிலிருந்து அவர் ஊதியபோது, கீழே அழுதுகொண்டிருந்த குழந்தைகூட வாயை மூடிக்கொண்டது. சீருடைப் படை பேண்டில் இருந்துவிட்டு வெளியே வந்தவர் என்றும், பகலில் ஏதோ தொழிற்சாலையில் வேலை என்றும் சொல்வார்கள். கல்யாணம், ஓட்டல் நடன விருந்து, சீனர் வீட்டுச் சாவு ஊர்வலம் எதுவானாலும் ஈப்போவில் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை அறைத்தோழியையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வரிசை வீடுகளில் நடு வீடு. அவர் மனைவி கதவைத் திறந்து, என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்ததும் முதலில் பக்கத்து வீட்டு வாசலைத்தான் பார்த்தார்.

“உள்ள வாங்க, உள்ள வாங்க. அத வெளிய காட்டாதீங்க.”

மாஸ்டருக்கு நாற்பது வயதுகூட இருக்காது போலிருந்தது. வேலைச் சட்டையோடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். ஊதிக் காட்டச் சொல்லவில்லை. என் உதட்டை மட்டும் பார்த்தார்.

“சொல்லித் தரலாம். ஆனா எங்க வச்சுச் சொல்லித் தரது?”

“இங்கயே வாரேன் மாஸ்டர்.”

அவர் மனைவி சிரித்துவிட்டார். எழுந்துபோய் படுக்கையறை அலமாரிக் கதவைத் திறந்து காட்டினார். தொங்கிய சேலைகளுக்கும் சட்டைகளுக்கும் நடுவில் ஒரு ஆள் தலை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது.

“இதுக்குள்ள தலைய விட்டுத்தான் இவரே ஊதுறாரு. ரெண்டு பக்கமும் சீன வீடு. இந்தச் சத்தம் கேட்டா அவங்களுக்கு சாவு ஞாபகம். அந்தப் பக்கத்து வீட்டு அம்மா ரொம்ப நாளா படுக்கையில. நாம ஊதினா அவங்க மனசு என்ன பாடு படும், சொல்லு?”

“எடத்தப் பாத்துட்டு வா,” என்றார் மாஸ்டர். “அப்புறம் பேசலாம்.”

இடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அதன் பிறகுதான் புரிந்தது. விடுதி வார்டன் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். கல்லூரி மண்டபம் வெளியாளுக்குக் கிடையாது. கடைசியில் மாதா கோயிலுக்குப் போனேன். பின்னாலிருந்த சிறு மண்டபம் வார நாட்களில் சும்மாதான் கிடந்தது. ஃபாதர் அதைத் தரத் தயங்கவில்லை. அவர் தயங்கியது வேறொன்றுக்கு.

“நீ வயசுப் பொண்ணு. கதவ மூடிக்கிட்டு ஒரு ஆம்பளையோட இருந்தா நாலு பேரு பேசுவாங்கம்மா. உங்கப்பாவ வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு.”

எங்கள் வீடு சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில். அப்பா, ரப்பர் ஷீட் செய்யும் ஸ்டோரில் வேலை பார்த்தார். விடுமுறைக்குப் போனபோது சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா பாதிச் சோற்றில் கையை எடுத்துவிட்டார்.

“வாத்திச்சி வேலைக்குத்தானே படிக்க அனுப்புனோம்? ஒதட்டுல தழும்போட வந்து நின்னா ஒன்ன யாரு கட்டுவான்?”

அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். மறு ஞாயிறு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ரயிலேறி ஈப்போ வந்துவிட்டார். ஃபாதரைப் பார்க்கப் போவோம் என்றேன். “மொதல்ல அந்த ஆளப் பாப்போம்,” என்றார்.

மாஸ்டர் வீட்டில் இரண்டு ஆண்களும் எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். பிறகு அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எம் பொண்ணுக்கு இது வருமா?”

மாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். “தெரியாதுண்ணே. தப்பாப் பழகியிருக்கு. அத மொதல்ல மறக்கணும். மறந்ததுக்கு அப்புறம் வரலாம், வராமயும் போவலாம்.”

எனக்கு முகம் சுருங்கிப்போனது. அப்பாவுக்கோ அந்தப் பதில் பிடித்துவிட்டது. அவர் முதுகு லேசாக நாற்காலியில் சாய்ந்ததை நான் பார்த்தேன்.

“ஆனா தனியா...” என்று அப்பா ஆரம்பிக்கும்போதே மாஸ்டரின் மனைவி சமையலறையிலிருந்து வந்தார்.

“நானும் கூட வாரேண்ணே. வீட்டுல செய்ற வேலைய அங்க ஒக்காந்து செஞ்சிட்டுப் போறேன்.”

அன்று சாயங்காலமே அப்பா ஃபாதரிடம் பேசினார். என் பயிற்சி இப்படி நாலு பேர் சம்மதத்தில் தொடங்கியது.

மாஸ்டர் முதலில் செய்தது, டிரம்பெட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டியதுதான். உதட்டில் வைத்து ஊதும் சிறு கிண்ணமான மவுத்பீஸை மட்டும் என் கையில் கொடுத்தார். அதை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து ஊத வேண்டும். அழுத்த முடியாது, அழுத்தினால் நழுவிவிடும். வாரக்கணக்கில் அதே வேலை. கொசு ரீங்காரம் போன்ற அந்தச் சத்தத்தை ஊதி ஊதி எனக்கு அழுகை வந்தது.

“நீ ஊதல, தள்ளுற,” என்பார். அதைத் தவிர அதிகம் பேச மாட்டார்.

அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தவர், ஓரத்தில் செய்தித்தாளை விரித்து நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டிருப்பார். மண்டபம் முழுக்கக் கருவாட்டு வாசம். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வதாக ஃபாதர் புகார் சொன்னார். அதன்பிறகு அந்த அக்கா பட்டன் தைக்க வேண்டிய சட்டைகளோடு வரத் தொடங்கினார்.

டிரம்பெட்டை மாஸ்டர் திரும்பக் கையில் கொடுத்தபோது, முன்பு வந்துகொண்டிருந்த சுரங்களும் வரவில்லை. விழா நெருங்கியது. பூகோள விரிவுரையாளர் ஒத்திகையில் என்னைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். என் தனிப் பகுதியை ஒரு கிளாரினெட் பையனுக்கு மாற்றிக் கொடுத்தார். விழாவன்று பின்வரிசையில் நின்று, அந்தப் பையனுக்குக் கிடைத்த கைதட்டலைக் கேட்டேன். மறுவாரம் மண்டபத்துக்குப் போனதும் மாஸ்டரிடம் சொன்னேன்:

“உங்ககிட்ட வந்ததாலதான் எனக்கு அது போச்சு.”

“ஆமா,” என்றார். அதோடு சரி.  எனக்கு வந்த கோபத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அக்காதான் வாசல்வரை வந்து கையைப் பிடித்தார்.

“இன்னைக்குப் போ. அடுத்த வாரம் வா. போன வாரம் நீ ஊதுறப்ப மூச்சுச் சத்தம் கேக்கல, தெரியுமா? எனக்கு இசையெல்லாம் தெரியாது. மொதல்ல அந்தச் சத்தத்துல ஊசி கோக்க முடியாம எரிச்சலா இருக்கும். இப்ப இல்ல.”

அடுத்த வாரம் போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ‘ஆமா’ என்ற அந்த ஒற்றைச் சொல், கல்லூரியில் எனக்குச் சொல்லப்பட்ட ஆறுதல்களையெல்லாம்விட மரியாதையாகப் பட்டதோ என்னவோ. கொஞ்சம் கொஞ்சமாக ஒலி வந்தது. கீழ்ச்சுரங்கள்தான் முதலில் வந்தன. அவற்றுக்கு ஒரு கனம் இருந்தது. மேல்சுரங்களை மாஸ்டரும் கேட்கவில்லை, நானும் தேடவில்லை.

இறுதித் தேர்வு முடிந்த சமயம் அவர் குழுவில் இரண்டாம் டிரம்பெட் ஊதுபவருக்கு அம்மை போட்டுவிட்டது. நகரத்தில் ஒரு சீனக் கடைக்காரர் இறந்திருந்தார். “வாரியா?” என்று கேட்டார் மாஸ்டர். வெள்ளைச் சீருடை எனக்குத் தொளதொளவென்றிருந்ததால் அக்கா இடுப்பில் ஊக்கு குத்திவிட்டார்.

வெயிலில் மெதுவாக நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். சாவு வண்டிக்கு முன்னால் நாங்கள். பின்னால் துக்கத்துக்குச் சாக்குத்துணி போர்த்திய மகன்கள். மாஸ்டர் எனக்கு ஒரு முழம் தள்ளி நடந்தார். இவ்வளவு பக்கத்தில் இருந்து அவர் வாசித்துக் கேட்டது அன்றுதான். நான் நினைத்திருந்ததைவிட மெல்லத்தான் ஊதினார். தூரத்தில் நின்றவர்களுக்கெல்லாம் எப்படிக் கேட்டது என்று வியப்பாக இருந்தது. தெருவில் யாரும் எங்களைப் பார்க்கவில்லை. கோப்பிக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று வண்டியைத்தான் பார்த்தார்கள். என்னை எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றுதான் அந்தத் தனிப் பகுதிக்காக உதட்டைக் கிழித்துக்கொண்டேன் என்பது அங்கே நடக்கும்போது எனக்கே தெரிந்தது. தெரிந்தபோது வெட்கமாக இல்லை. அடுத்த வரிக்கு மூச்செடுக்க வேண்டியிருந்தது.

இடுகாட்டு வாசலில் வாசிப்பு முடிந்தது. மூத்த மகன், சாவுத் தீட்டு ஒட்டாமலிருக்க எல்லோருக்கும் சிவப்புக் கயிறும் மிட்டாயும் கொடுத்தான். மாஸ்டர் மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, “ரெண்டாவது பாட்டுல அவசரப்பட்ட,” என்றார்.

சில வாரங்களில் தஞ்சோங் மாலிமில் ஒரு பள்ளிக்கு எனக்கு வேலை உத்தரவு வந்தது. மாஸ்டர் வேலை செய்த தொழிற்சாலையும் அவரை இரவு ஷிப்டுக்கு மாற்றியது. பாடம் அதோடு நின்றது. அப்பா ஈப்போவுக்கு வந்து என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். டிரம்பெட் கல்லூரிக்குச் சொந்தம், திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரயிலில் அப்பா கேட்டார்:

“புதுசா ஒண்ணு வாங்கணுமா?”

“மொதல்ல வாடகைக்கு ஒரு வீடு பாக்கணும்பா. வரிசையில ஓர வீடா,” என்றேன்.