பையை வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போனவர்

நம் பாத்திரக்கடையில் ஒரு வழக்கம் உண்டு. நீங்களே பார்த்திருப்பீர்கள், பிள்ளைகளே. சுற்றூர்களிலிருந்து காரைக்குடிக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் பையை நம்மிடம் வைத்துவிட்டு மற்ற வேலைகளுக்குப் போவார்கள். நான் சீட்டும் கொடுப்பதில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதுமில்லை.

போன வருஷம் எங்கள் தெருக் கடைக்காரர்களைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டுப் பேசினார்கள். திருட்டையும் குண்டு வைக்கிற கொடுமையையும் தடுக்க, கடைக்காரரும் போலீசும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்றார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. தெருவைப் பார்த்துக் கேமரா வைத்தோம். அதில் பதிந்த முகத்தை வைத்துச் சங்கிலி அறுத்தவன் ஒருவனைப் பிடித்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் தன் எண்ணைக் கொடுத்தார். "சந்தேகம்னா எனக்கு மட்டும் சொல்லுங்க. ஊருக்கே சொல்லாதீக" என்றார். எல்லாரும் தலையாட்டினோம்.

ஒரு வெள்ளிக்கிழமை, மலேசியாவில் வேலை பார்க்கும் பாய் ஒருவர் வந்தார். நம் கடைக்குப் பழைய வாடிக்கை. அடுத்த வாரம் மகளுக்குக் கல்யாணம்.

"அண்ணே, தொழுதுட்டு வந்துர்றேன். பை இருக்கட்டும்."

"வச்சிட்டுப் போங்க பாய், அதுக்குக் காலா இருக்கு ஓடுறதுக்கு?"

சிரித்துக்கொண்டே போனார். அவர் கேட்ட அண்டாவை எடுக்க நான் மாடிக்குப் போனேன்.

அண்டாவோடு இறங்கி வந்தால் தெருவில் ஆளே இல்லை. பக்கத்துத் துணிக்கடைக்காரர் கேமராவில் இருந்த பாயின் படத்தை எடுத்து, கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். 'தாடிக்காரன் பை வைத்துவிட்டு ஓடினான், உஷார்' என்று கூடவே எழுதியும் இருக்கிறார். மாடியில் இருந்த என்னை ஒரு சத்தம் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

குழுவைப் பார்த்த யாரோ சொல்லிப் போலீஸ் வந்தது. தொழுகை முடிந்து திரும்பிய பாயைத் தெருமுனையிலேயே அவர்கள் நிறுத்திவைக்க, நாலைந்து பேர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பையை அவரே திறந்தார். உள்ளே கல்யாணப் பத்திரிகைகளும் மகளுக்கு எடுத்த பட்டுச்சேலையும் இருந்தன. சப்-இன்ஸ்பெக்டர் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். படம் எடுத்தவர்கள் ஒருவரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே புதுவயலில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு அந்தப் படம் போய்விட்டது. 'கல்யாணத்தைப் பிறகு பார்க்கலாம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பக்கத்துக் கடைக்குப் போனேன்.

"நீங்க புதுவயலுக்கு வந்து சொல்லுங்க, தப்பாப் போட்டுட்டேன்னு."

"போலீசுக்கு ஒத்துழைச்சது தப்பா அண்ணே? நெசமாவே குண்டா இருந்திருந்தா?"

"போலீசுக்கு மட்டும் சொல்லியிருந்தா உங்களைக் கும்பிட்டிருப்பேன். நீங்க ஊருக்குல்ல சொன்னீக!"

"யாவாரத்தைப் பாருங்க" என்று சொல்லி, வந்த ஆளுக்குத் துணியை விரித்துக் காட்டத் தொடங்கிவிட்டார். இதற்குப் பெயர் ஒத்துழைப்பாம்! பயத்தைப் பரப்புவதுதானே குண்டு வைக்கிறவனின் வேலை? அதை இவர் சும்மாவே செய்து கொடுத்திருக்கிறார்.

மறுநாள் காலையில் நானும் சப்-இன்ஸ்பெக்டரும் புதுவயலுக்குப் போனோம். மாப்பிள்ளையின் அத்தா, அதாவது அப்பா, நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"நான் நம்புறேங்க. எங்க சொந்தபந்தம் அம்புட்டுப் பேரும் பாத்துட்டாக. அவுகளுக்கெல்லாம் யாரு சொல்றது?"

"நம்பரைச் சொல்லுங்க, நான் சொல்றேன்" என்றேன்.

அவர் சொல்லச் சொல்ல, அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பையை வைக்கச் சொன்னது நான்தான், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று தொண்டை கட்டும்வரை சொன்னேன். பலரும் சரி என்றார்கள். மாப்பிள்ளையின் பெரியத்தா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒண்ணும் இல்லாமலா போலீசு புடிக்கும்?" என்று கேட்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"ஐயா, அந்தப் போலீசுதான் பேசுறேன்" என்றார். "தப்பு எங்க பேருல. கல்யாணத்துக்கு நானும் வாரேன், நீங்களும் வாங்க."