ஜெராக்ஸ் அண்ணனும் கலையாத பட்டியலும்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ஜெராக்ஸ் அண்ணன் என்று பெயர். வைத்தவன் நான்தான். கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் இருக்கும் கெர்னல் என்கிற மூல மென்பொருள், ஒலி விஷயத்தில் எந்தக் கட்டளைக்கு எந்த எண் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பாட்டை ஓடவைக்கும் எங்கள் மென்பொருளான ஆடியோ லைப்ரரியிலும் அதன் நகல் உண்டு. கெர்னல்காரர்கள் அங்கே ஒரு வரி சேர்த்தால், அண்ணன் இங்கே அதே இடத்தில் அதே வரியைச் சேர்ப்பார். பதினோரு வருடமாக இதுதான் உத்தியோகம்.

"பார்த்து எழுதறதுக்குக்கூடவா மாப்பிள்ளை சம்பளம் தர்றாங்க?" என்று அவருடைய மாமனார் வாராவாரம் போனில் குசலம் விசாரிப்பார்.

புதிதாக வந்த மேனேஜருக்கும் அதே ஞானோதயம். இந்த வேலைக்கு ஓர் ஆள் தேவையா என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்வதாக அறிவித்தார். அண்ணன் முகம் செத்துவிட்டது. மேனேஜர் அதோடு விட்டாரா, பட்டியலையும் திறந்து பார்த்தார்.

"என்ன இது, முன்னும் பின்னுமா கிடக்கு? இத்தனை வருஷத்துல ஒழுங்கா அடுக்கத் தோணலையா?"

"வரிசையில எத்தனாவதோ அதுதான் சார் எண்ணு. கெர்னல்ல இருக்கற மாதிரியே..."

"கொஞ்சம் சொந்தமா யோசிங்க."

சொந்தமாக யோசித்து, அவரே எல்லாவற்றையும் அகரவரிசையில் அடுக்கினார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை, எங்கள் மென்பொருளில் பாட்டு ஓடுவதைப் பார்க்க வாடிக்கையாளர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மேனேஜர் 'தொடங்கு' பொத்தானை அழுத்தினார். சத்தமே இல்லை. பதறிப்போய் 'நிறுத்து' அழுத்தினார். பாட்டு காதைக் கிழித்துக்கொண்டு கிளம்பியது. அதை நிறுத்த எதை அழுத்துவது என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டார்கள். வந்தார், வயரைப் பிடுங்கினார், உட்கார்ந்தார். எங்கள் பட்டியலை அழித்துவிட்டு, கெர்னலில் இருந்ததை அப்படியே நகலெடுத்தார். நாலு நிமிடத்தில் பாட்டு சொன்ன பேச்சைக் கேட்டது. சொந்தமாக அவர் ஓர் எழுத்துகூடச் சேர்க்கவில்லை. ஜெராக்ஸ் என்று பெயர் வைத்த எனக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் எல்லாருக்கும் மேனேஜரிடமிருந்து மெயில் வந்தது. அண்ணனின் வேலை தொடரும். இது மிக நுட்பமான பணி என்பது தன் நெடுநாள் கருத்து. ஐயா வேலையில் சேர்ந்து இருபது நாள்.

அண்ணன் இரண்டு முறை படித்தார். பிறகு அதையும் ஓர் எழுத்து மாற்றாமல் நகலெடுத்து, மாமனாருக்கு அனுப்பினார்.