எந்தப் பள்ளியின் பாங்கு அது

திங்கட்கிழமை காலையில் எங்கள் சந்துக்குள் ஒரு குழந்தை வண்டி கடகடத்துக்கொண்டு வரும். புதிதாக வந்திருக்கும் சுற்றுலாக்காரர்கள் குனிந்து எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே குழந்தை இருக்காது, மூன்று துணி மூட்டைகள் இருக்கும். வண்டியைத் தள்ளி வருகிறவர் மாக் சியா. மாக் என்றால் அம்மா; முழுப் பெயர் கம்சியா. மலாக்காவின் இந்தப் பழைய பேட்டையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது.

மூட்டைகளில் இருப்பவை தெலகோங். பெண்கள் தொழும்போது தலையிலிருந்து கால் வரை அணியும் வெள்ளை அங்கி. வழியில் தொழ வருகிறவர்களுக்காக ஒவ்வொரு பள்ளிவாசலிலும் இருபது முப்பது தொங்கும். எங்கள் பேட்டையில் மூன்று பழைய பள்ளிவாசல்கள் இருக்கின்றன. தொழுமுன் கைகால் கழுவி ஒளூ செய்யும் குளத்தில் மீன் விட்டிருப்பது குளத்துப் பள்ளி. சீனக் கோயில் போலவே மினாரா எழுப்பியிருப்பது கோபுரப் பள்ளி. படகுத்துறைக்குப் பின்னால் இருப்பது ஆற்றுப் பள்ளி. மூன்றின் தெலகோங்குகளையும் துவைத்து, இஸ்திரி போட்டு, திரும்பக் கொண்டுபோய் மாட்டுவதுதான் மாக் சியாவின் பிழைப்பு. சீனக் கோயில் வாசலைத் தாண்டும்போது மட்டும் வண்டியை விரட்டித் தள்ளுவார். வெளுத்த துணியில் ஊதுவத்தி வாசம் ஏறிவிடுமாம்.

மூன்று பள்ளிகளின் துணியும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் கலந்துவிடக் கூடாது. ஒரு பள்ளிக்கு என்று வக்பு செய்த, அதாவது இறைவன் பெயரில் தானமாக விட்ட பொருள் அந்தப் பள்ளியில்தான் இருக்க வேண்டும். அதனால் அங்கியின் விளிம்பில், கை வந்து படும் இடத்தில், உள்பக்கமாக ஒரு தையல் போட்டிருப்பார். குளத்துக்குச் சிவப்பு, கோபுரத்துக்குப் பச்சை, ஆற்றுக்கு நீலம். ஒரு நாளும் ஒன்று மாறியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இத்தனை நிச்சயமாக வாழ்ந்த ஒருவரை ஒரே பேச்சு எப்படிக் குழப்பிவிட்டது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மாக் சியாவின் ஒரே மகள் ஹிடாயூ. பதினாறு வயதில் அவளுக்கு டெங்கிக் காய்ச்சல் முற்றி, ஒரு பிற்பகலில் வாய் கோணிக் கை கால் இழுத்துக்கொண்டது. மாக் சியா ஆம்புலன்சுக்காகக் காத்திருந்தார். அப்போது ஜன்னல் வழியே அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. "இந்தப் பாங்கு எந்தப் பள்ளியிலேர்ந்து வருதோ, அந்தப் பள்ளியிலதான் என் மகளோட நிக்காஹ்" என்று அந்த நேரத்தில் நேர்ந்துகொண்டார். எந்தப் பள்ளி என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. கடைசி எழுத்தை இழுத்து, இழுத்த இடத்தில் லேசாகக் கமறும் அந்தக் குரல் குளத்துப் பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் ஹாஜி டொல்மாட்டுடையது. பேட்டையில் சின்னப் பிள்ளைகள்கூட அதைச் செய்து காட்டுவார்கள்.

மகள் பிழைத்தாள். வளர்ந்து மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஷுக்ரி என்ற பையனோடு நிச்சயமானது. குளத்துப் பள்ளியின் பெயரைப் போட்டு அழைப்பிதழும் அடித்தார்கள். நிக்காஹுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாக் சியா ஹாஜி டொல்மாட்டுக்கு அழைப்பிதழ் கொடுக்கப் போனார். நேர்ச்சைக் கதையையும் சொன்னார்.

ஹாஜி அழைப்பிதழை எட்டப் பிடித்துப் படித்தார். "நல்லது சியா. ஆனா அந்தச் சமயம் நான் ஆத்துப் பள்ளியில பாங்கு சொல்லிட்டிருந்தேனே. இங்க ஓடு மாத்தினாங்க, மைக் கம்பியெல்லாம் கழட்டிப் போட்டிருந்தாங்க" என்றார்.

அன்று மாலை மாக் சியா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஷிமா, நீ படிச்ச பிள்ளை. என்கூட வா. நாலு கேள்வி சரியா கேக்கணும்."

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதனால் மின்கட்டண ரசீதிலிருந்து நாய்க்கடி வரை என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரியும் என்று நானும் சில நாள் நம்பியிருக்கிறேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் ஆற்றுப் பள்ளி. அங்கே மோதினார் பாக் சுடின் மீன்வலையில் கட்டிய ஊஞ்சலில் கிடந்தார். ஹாஜி சொன்னதைச் சொன்னோம்.

"ஓடு மாத்தினப்ப வந்தானா? யாரு சொன்னா? எனக்குப் பல் பிடுங்கினாங்க, வாய் வீங்கிப் போச்சு. அதுக்குத்தான் அந்தக் கிழவன் வந்து நின்னான்."

"பல் எப்ப பிடுங்கினாங்க?" என்று கேட்டேன்.

"பிடுங்கின பல்லையா வச்சிருக்கேன், எடுத்துப் பாத்துச் சொல்ல?"

"அந்தப் பெரிய வெள்ளத்துக்கு முன்னாடியா, பின்னாடியா? ஹிடாயூவுக்குக் காய்ச்சல் வந்தது வெள்ளம் வடிஞ்ச கையோட" என்றார் மாக் சியா.

பாக் சுடின் எழுந்து உட்கார்ந்து யோசித்தார். "முன்னாடிதான். இல்ல, இரு. வெள்ளத்தன்னிக்குக் கறி கடிச்சுத் தின்ன ஞாபகம் இருக்கே."

திரும்பக் குளத்துப் பள்ளி. ஹாஜி டொல்மாட் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தார். சுடின் சொன்னதைச் சொன்னோம்.

"அவனுக்கு என்னைக்குப் பல் இருந்துச்சு?" என்றார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஆனா பல்லுக்காகவும் ஒரு தடவை போயிருக்கேன். இரண்டு தடவை போயிருக்கேன்னு நினைக்கிறேன். எது எப்பன்னு..."

குளத்துப் பள்ளி நிர்வாகக் குழுவில் இருவரைக் கேட்டோம். ஒருவர் ஓடு மாற்றியது வெள்ளத்துக்கு முன் என்றார். மற்றவர், வெள்ளத்தில் கம்பளம் நனைந்ததால்தான் ஓடே மாற்றினோம் என்றார். அடுத்த இரண்டு நாளும் மாக் சியா துணி இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு இந்தப் பள்ளிக்கும் அந்தப் பள்ளிக்கும் நடந்தார். வண்டி எதற்கு என்று கேட்டேன். கை சும்மா இருந்தால் நடக்க வரவில்லை என்றார்.

குளத்துப் பள்ளி இமாமிடம் போனோம். என்னைவிட நாலைந்து வயதே பெரியவர், பொறுமையானவர். "நிச்சயமாத் தெரியலன்னா எது மனசுல கனமா நிக்குதோ அதைப் பிடிச்சுக்கங்க, மாக் சியா" என்றார்.

"இரண்டும் ஒரே கனமா இருக்கு, உஸ்தாஸ்."

அவர் தாடியைத் தடவினார். "அதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கணும். நேர்ச்சை உங்களோடது. நிக்காஹ் உங்க மகளோடது. அவ கல்யாணத்தை நீங்க நேர்ந்துக்க முடியுமாங்கறதே யோசிக்க வேண்டிய விஷயம்."

நியாயமான பேச்சுதான். ஆனால் வெளியே வந்ததும் மாக் சியா குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இத்தனை வருஷமா நான் சுமந்தது நேர்ச்சையே இல்லையா? இல்லன்னா அவ எதனால பொழைச்சா?"

டாக்டர்கள், மருந்து என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லும் அளவுக்கு நான் எதையும் நம்புகிறேனா என்பதே அந்த நிமிடத்தில் தெரியவில்லை.

வீட்டில் ஹிடாயூ கையில் மருதாணியோடு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் உள்ளே நுழையும்போதே தும்மினாள். மாக் சியா ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"சளி, மாக். மருதாணி குளிர்ச்சி."

"அன்னைக்கும் முதல்ல தும்மினதுதான். இடத்தை மாத்திடலாமா? இல்ல, இங்கயே இருக்கட்டுமா? தப்பான பள்ளியில வச்சுட்டா, குடுத்ததை அல்லாஹ் திருப்பிக் கேட்டா என்னடி பண்ணுவேன்?"

"மாத்தறதுன்னா மத அலுவலகத்துல மறுபடியும் அனுமதி வாங்கணும். கிடைக்காது. நான் ஷுக்ரியைக் கட்டிக்கப் போறேன், மினாராவை இல்ல" என்றாள் ஹிடாயூ. சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "குளத்துப் பள்ளியே இருக்கட்டும், மாக். கெட்டது வந்தா எனக்கு வரட்டும்."

"வாயைக் கழுவு" என்றார் மாக் சியா. அன்றிரவு சாப்பிடவில்லை என்று மறுநாள் ஹிடாயூ சொன்னாள்.

வெள்ளிக்கிழமை துணிகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய் மாட்டும்போது நானும் கூடப் போனேன். சீனக் கோயில் வாசலில் மாக் சியா வண்டியை விரட்ட மறந்து, நடுப்புகையில் மெதுவாகத் தள்ளிப் போனார். நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை அஸர் தொழுகை முடிந்ததும் நிக்காஹ். நீள மேலாடையும் பாவாடையுமான பட்டு பாஜு குரோங் உடுத்தி வந்த பெண்கள் திரைக்குப் பின்னால் தெலகோங்கை எடுத்து மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மணப்பெண் அம்மாவுக்கும் எனக்கும் நடுவே நின்றாள். தொழுகை தொடங்க இமாம் கையை உயர்த்தவில்லை இன்னும். ஹிடாயூ விளிம்பைச் சரிசெய்யக் குனிந்தவள், அப்படியே நின்றாள்.

"மாக். நீலம்."

மாக் சியா தன் விளிம்பைத் திருப்பிப் பார்த்தார். நீலம். நானும் பார்த்தேன். நீலம். வரிசை முழுக்க ஆற்றுப் பள்ளியின் துணி. மூட்டையே மாறிப் போயிருந்தது.

மாக் சியா விளிம்பைச் சட்டென்று மூடிப் பிடித்தார். "வக்பு துணிடி" என்று முணுமுணுத்தார். "இத்தனை வருஷத்துல ஒண்ணுகூட..."

"வேணும்னே மாத்தினியா?"

"இல்லடி." தையலை விரலால் தடவியபடி, "இல்லன்னுதான் நினைக்கிறேன்" என்றார்.

ஹிடாயூ உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "அப்ப ஆத்துப் பள்ளியும் வந்திடுச்சு."

முன்னால் தொழுகையைத் தொடங்கும் இமாமின் தக்பீர் கேட்டது. எல்லோரும் கைகளை உயர்த்தினோம். பிறகு யாராலும் எதையும் மாற்ற முடியாது. மாக் சியா நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவில் மற்றவர்களைவிட அதிக நேரம் இருந்தார். தொழுகை முடிந்து திரைக்கு அந்தப் பக்கம் ஷுக்ரி ஒரே மூச்சில் "ஏற்றுக்கொண்டேன்" என்று சொன்னபோதும் அவர் அந்த அங்கியைக் கழற்றவில்லை. கழற்ற மறந்தாரா, கழற்ற மனமில்லையா என்று நான் கேட்கவில்லை.

மஞ்சள் சோறும் கோழியும் பரிமாறி முடிந்ததும் நீல நூல் துணிகளை ஒன்றுவிடாமல் மடித்து மூட்டை கட்டினார். விருந்தாளிகள் போகட்டுமே என்றேன். மாற்றிவிட்டு வந்தால்தான் தண்ணீர் இறங்கும் என்றார். கல்யாணப் பட்டோடு அவர் வண்டியைத் தள்ள, நான் பக்கத்தில் நடந்தேன்.

"அல்லாஹ் இதைக் கணக்குல எடுத்துப்பானா, ஷிமா? தெரியாம செஞ்ச தப்பு, தெரியாத நேர்ச்சைக்குச் சரியாப் போகுமா?"

"தெரியல, மாக் சியா."

"இமாமைக் கேட்டா?"

"இன்னொரு கேள்வியோட திரும்பி வருவோம்."

முதல் தடவையாகச் சிரித்தார். ஆற்றுப் பாலத்தின் மேல் ஏறும்போது அந்தி மஃரிப் பாங்கு எழுந்தது. முதலில் ஒன்று, அது முடியும் முன் இன்னொன்று, அதன் மேல் மூன்றாவது. கீழே படகு இயந்திரம் வேறு. மாக் சியா வண்டியை நிறுத்திக் காதைத் திருப்பினார். எங்கேயோ ஒரு குரல் கடைசி எழுத்தை இழுத்து, கமறியது.

"இப்ப அது எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?"

நான் உண்மையாகவே கவனித்துக் கேட்டேன். குளத்துப் பக்கம் போலவும் இருந்தது, தண்ணீரின் மேல் வருவது போலவும் இருந்தது.

"எனக்குப் பிடிபடல."

"எனக்கும்தான்" என்றார். ஆற்றுப் பள்ளியில் மஃரிபுக்கு வரும் பெண்கள் இந்நேரம் குளத்துப் பள்ளியின் சிவப்பு நூல் அங்கிகளை மாட்டிக்கொண்டிருப்பார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பட்டுப் பாவாடையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை விரட்டத் தொடங்கினார்.