சாமி படத்துக்குப் பின்னால் என் புரூஃப்

கோவில்பட்டியில் நான் புத்தகங்களைத் திருத்திக் கொடுக்கும் அச்சகத்துக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. அச்சக அண்ணாச்சி இன்று காலையிலேயே போன் செய்தார்.

“திருநங்கை கை பட்டா ராசிம்பாவ. நீங்களே வந்து மொத பட்டன அமுக்குங்கம்மா.”

எடிட்டரைக் கூப்பிடுகிறாரா, ராசியைக் கூப்பிடுகிறாரா என்று புரியாமலே போனேன். சூடம் காட்டினார்கள். பட்டனை அமுக்கினேன்.

முதலில் வந்து விழுந்த தாள், எட்டு மாதமாக நான் வரி வரியாகத் திருத்திய நாவலின் முகப்புப் பக்கம். எழுதியவர் விளாத்திகுளத்து வாத்தியார் ஒருவர். போன வாரப் புரூஃபில் அவர் பெயருக்குக் கீழே, ‘செம்மையாக்கம்’ என்று என் பெயரும் இருந்தது. இன்று இல்லை.

“என் பேர் எங்க அண்ணாச்சி?”

“வாத்தியார் சார்தான் எடுக்கச் சொன்னாவ. சொந்தக்காரவுக ஒரு மாதிரி பேசுவாவளாம். நீங்க தப்பா நெனைக்காதிய.”

என் கை ஆகும், பேர் ஆகாதாம்.

பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, விடுபட்ட இடத்தில் குறி போட்டு, ஓரத்தில் என் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

அண்ணாச்சி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “மொதத் தாள்லயே கையெழுத்துப் போட்டுட்டியளே!” என்று சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். மெஷின் ஓடத் தொடங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். நிறுத்தச் சொல்வதா, நானும் தட்டுவதா என்று தெரியாமல் நின்றேன்.

இப்போது பஸ்ஸில் இருக்கிறேன். புத்தகத்தில் என் பெயர் வருமா, தெரியாது. புரூஃப் மட்டும் சாமியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவர் திருத்தமெல்லாம் பார்ப்பாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.