கச்சிதத்தின் மனைவி தைத்த கிமோனோ

தையல்காரர் கச்சிதத்துக்கு ஒரு வியாதி உண்டு. கோணல் தையல் கண்ணில் பட்டுவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஒருமுறை பல்வலி என்று போனவர், வாயைப் பிளந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தபடியே பல் மருத்துவரின் வெள்ளைக் கோட்டைச் சுட்டிக்காட்டி ஏதோ குழறினார். வலி பொறுக்கவில்லை போலிருக்கிறது என்று மருத்துவர் இன்னொரு ஊசி போட்டார். வாய் மரத்துப்போய் வீடு வந்தவர் விட்டாரா என்றால் இல்லை. 'கோட்டின் இடது பை அரை விரல் இறங்கியிருக்கிறது' என்று சீட்டு எழுதி அனுப்பினார். மறுவாரம் அந்தக் கோட்டு அவர் கடைக்கே வந்து சேர்ந்தது.

அவருடைய சொந்தப் பெயர் கடை உரிமத்தில் மட்டும்தான் இருக்கிறது. ஒவ்வொரு துணியையும் முடித்து, உதறி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து "கச்சிதம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். வாடிக்கையாளர்கள் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் கடை. இரண்டு தையல் மெஷின், ஓர் இஸ்திரி மேசை, ஒரு முழு நீளக் கண்ணாடி, அதற்குமேல் ஒரு ஆள் மூச்சுவிடலாம், அவ்வளவுதான். பெண்கள் உடுப்பு மட்டுமே தைப்பார். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் வீடு.

மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு, நெரிசலான சந்தை முக்கில் ஒரே வீச்சில் வண்டியைத் திருப்புகிற கை அவளுடையது. ஆனால் வீட்டில் அந்தக் கை ஓர் ஊசியைத் தொட முடியாது. கல்யாணமான புதிதில் தன் சீருடைக்கு ஒரு பித்தானைத் தானே தைத்தாள். கச்சிதம் அதைப் பார்த்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கண்ணெதிரேயே அதைப் பிரித்துத் திரும்பத் தைத்துக் கொடுத்தார். தாம் செய்தது அன்பு என்றே அவர் நினைத்தார். அன்றைக்கு ஊசியைக் கீழே வைத்தவள்தான். பதினெட்டு வருஷமாக அவள் உடம்பில் ஏறிய ஒவ்வொரு துணியும் அவர் தைத்தது. "உனக்கென்னம்மா, வீட்டுக்காரர் கை அப்படி" என்று பணிமனையில் சொல்வார்கள். அவள் சிரித்து வைப்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. ஓய்வு நேரத்தில் பணிமனை பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியில் ஜப்பானிய கார்ட்டூன் தொடர் பார்ப்பாள். அதில் ஒரு படகுக்காரி. புயலோ வெள்ளமோ, ஏறிய ஆளைக் கரையில் இறக்காமல் துடுப்பைக் கீழே வைக்காதவள். "அவளும் என்னை மாதிரி வண்டி ஓட்டுறவதான்" என்பாள் மனைவி. ஒருநாள் மஞ்சள் நிறச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து கச்சிதத்தின் முன் வைத்தாள். கண்காட்சி மண்டபத்தில் காஸ்ப்ளே போட்டி. பிடித்த கதாபாத்திரம் போல உடுத்திக்கொண்டு மேடையேற வேண்டும். புதியவர்களுக்குத் தனிப் பிரிவு.

கச்சிதத்தின் கை உடனே கழுத்தில் கிடந்த அளவு நாடாவுக்குப் போயிற்று. "நில்லு, தோள் அளவு எடுத்துடறேன்."

"நாடாவைக் கீழ வைங்க. கடைசி வரியைப் படிங்க."

உடுத்துபவரே வெட்டித் தைத்திருக்க வேண்டும். பிறர் தையல் இருந்தால் போட்டியிலிருந்து நீக்கம் என்று அதில் இருந்தது.

"யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் அவர்.

"எனக்குத் தெரியும்ல. இங்க பாருங்க, இத்தனை வருஷத்துல என் கையால செஞ்சதுன்னு உடம்புல போட்டுக்க எனக்கு ஒண்ணுகூட இல்ல. இந்த ஒண்ணு முழுக்க என்னுதா இருக்கட்டும். கை வெக்க மாட்டேன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். சொல்லும்போது மனதாரத்தான் சொன்னார்.

அடுத்த மூன்று மாதம் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வேலை முடிந்து வந்ததும் அவள் கடையின் இரண்டாவது மெஷினில் உட்காருவாள். நீல நிற சாட்டின் திரைச்சீலைத் துணி. பேருந்தின் ஆக்ஸிலரேட்டரை மிதித்தே பழகியவள் மெஷினையும் அப்படியே மிதித்தாள். ஊசி பறக்கும், துணி ஒரு பக்கம் போகும், தையல் இன்னொரு பக்கம் போகும். கச்சிதம் தம் வேலையை விட்டுவிட்டு அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பெருமூச்சு விடுவார். நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் மெஷின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: 'ஓட்டுநருடன் பேசக் கூடாது'.

பேசவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். படகுக்காரி உடுத்தும் கிமோனோ என்கிற மேலங்கியின் இடது கை வலது கையைவிட இரண்டு விரல் கீழே இறங்கியபோதும் பேசவில்லை. ஹக்காமா என்கிற அந்த மடிப்பு வைத்த தொளதொள கால்சட்டையில், முன்பக்க மடிப்புகள் ஐந்தும் ஐந்து அகலத்தில் வந்தபோது, காற்று வாங்கப் போவதாகச் சொல்லிக் கட்டடத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்தார். அவளோ ஒவ்வொரு மடிப்புக்கும் முகம் மலர்ந்தாள். அப்படி ஒரு முகத்தை அவர் தைத்துக் கொடுத்த எந்த உடுப்பும் கொண்டுவந்ததில்லை. அது அவருக்குக் கொஞ்சம் உறுத்தவும் செய்தது.

போட்டி ஞாயிற்றுக்கிழமை மதியம். காலையில் அவளுக்கு அரைநாள் வேலை. "நான் பணிமனையிலேர்ந்து நேரா மண்டபத்துக்கு வந்துடறேன். நீங்க மடிச்சு எடுத்துட்டு வந்தா போதும். இஸ்திரிகூட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் மடிக்கத்தான் எடுத்தார். கிமோனோவின் முன்பக்கத்தை மூடும் அழுத்துப் பித்தான்கள் ஆறையும், மேலே தெரியும் விளிம்பில் கழுத்திலிருந்து இடுப்புவரை இறங்கும் வெள்ளைப் பட்டியையும் அவள் முந்தின நாள்தான் தைத்திருந்தாள். பட்டித் துணி ஒரு பக்கத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது. பித்தான்களைப் போட்டுப் பார்த்த கச்சிதத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடது பக்கம் மேலே வந்திருந்தது.

பெண்கள் சட்டை என்றால் வலது பக்கம் மேலே வரும். இடது மேலே வந்தால் ஆம்பளைச் சட்டை. எந்தத் தையல் கடையிலும் துண்டுத் துணி பெருக்குகிறவருக்குக்கூட அது தெரியும். கோணலை எல்லாம் பொறுத்தாயிற்று. ஆனால் இது கோணல் இல்லை, தப்பு. ஆயிரம் பேர் நடுவில் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பாளே, தையல்காரன் பெண்டாட்டி என்று தெரிந்தால் சிரிப்பார்களே. அவளைக் காப்பாற்றுவதாகவே நினைத்துக்கொண்டு அவர் பிரிப்பூசியை எடுத்தார். ஆறு பித்தானையும் பக்கம் மாற்றினார். வெள்ளைப் பட்டியை இடது விளிம்பிலிருந்து பிரித்து வலது விளிம்பில் மெஷினில் வைத்து ஓட்டினார். இருபதே நிமிஷம். தூக்கிப் பிடித்து, பழக்க தோஷத்தில், அந்த ஒற்றைச் சொல்லையும் சொல்லிக்கொண்டார்.

மண்டபத்தில் கூட்டம் அலைமோதியது. பச்சை முடிக்காரர்கள், அட்டை வாள்காரர்கள், இறக்கை அகலத்தால் கதவில் மாட்டிக்கொண்டு முழிக்கிற ஒருவர். மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, கண் மருத்துவமனையில் எழுத்தர், அக்காவைப் படம் எடுக்க வந்திருந்தாள். பெண்கள் உடை மாற்றும் அறைக்கு வெளியே கச்சிதம் காத்திருந்தார். உள்ளே போன வேகத்தில் மனைவி வெளியே வந்தாள். ஹக்காமாவுக்கு மேல் சீருடைச் சட்டை. கையில் கிமோனோ.

"இதுல யார் கை வெச்சது?"

குரல் உயரவில்லை. ஓடுகிற பேருந்தில் தொங்குகிறவர்களிடம் பேசும் குரல் அது. கச்சிதம் அவசரமாக விளக்கினார்.

"இல்ல, நீ தெரியாம ஆம்பளைப் பக்கம் வெச்சுட்ட. பொம்பளைங்களுக்கு வலதுதானே மேல?"

"ஜப்பான்ல ஆணுக்கும் பொண்ணுக்கும் இடதுதான் மேல. வலதை மேல போடறது யாருக்குன்னு தெரியுமா? பொணத்துக்கு."

மச்சினி வாயில் வைத்திருந்த தண்ணீரைத் துப்பிவிட்டாள். "மாமா, அக்காவைப் பொணமாக்கி மேடையேத்தப் பாத்தீங்களே."

பிணத்துணி என்பதுகூட கச்சிதத்தை அவ்வளவு தாக்கவில்லை. மனைவி அந்தப் பட்டியின் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். அம்பு மாதிரி நேராக இருந்தது. அவள் கண் கலங்கியது அதைப் பார்த்துத்தான். தாம் பெரிய அநியாயம் செய்துவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"குடு, பத்து நிமிஷத்துல மாத்திடறேன்" என்றார்.

"நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தார். மேடைக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. மச்சினியிடம் ஊசி நூல் வாங்கிவரச் சொல்லி, மனைவி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாள். அவர் தையல் லேசில் பிரியவில்லை. ஊசியில் நூல் கோக்க அவள் மூன்று முறை தவறவிட்டபோது அவர் கை தானாக நீண்டது. அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். வெள்ளைப் பட்டி நெளிந்து நெளிந்து இடது விளிம்புக்குத் திரும்பியது. ஐந்து பித்தான் ஏறியதும் அழைப்பு வந்துவிட்டது. ஆறாவது இடத்தில் ஒரு ஊக்கைக் குத்திக்கொண்டு ஓடினாள்.

நடுவர் ஓர் அம்மா. நாடக உடுப்புகள் தைத்தே தலை நரைத்தவர் என்று அறிவித்தார்கள். மேடைக்கு முன்னால் ஒரு மேசை. போட்டியாளர் ஒவ்வொருவரையும் அங்கே நிறுத்தித் துணியை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். மனைவியின் முறை வந்தது. கை, மடிப்பு, பட்டி எல்லாம் பார்த்துவிட்டு மேல் விளிம்பை விலக்கினார். கீழே மறைந்திருந்த வலது விளிம்பில் அவர் விரல் நின்றது. சாட்டினில் ஊசி போன தடம் மறைவதில்லை.

"இங்க ஏதோ தைச்சுப் பிரிச்சிருக்கு. கோடு போட்ட மாதிரி நேரா இருக்கு. மத்த தையலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே. இது யார் தையல்?"

முதல் வரிசையில் இருந்த கச்சிதத்துக்கு அந்தக் கேள்வி நன்றாகக் கேட்டது. மனைவி திணறுவதும் தெரிந்தது. அவளுக்குப் பொய் வராது. உண்மையைச் சொன்னால் நீக்கிவிடுவார்கள். மூன்று மாத உழைப்பு, அவருடைய இருபது நிமிஷக் கச்சிதத்தால் போகப் போகிறது. அவளை அப்படி நிற்கவைத்துப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை.

எழுந்து மேசைக்குப் போனார். "நான்தாங்க. என் தையல்தான் அது."

"நீங்க யாரு?"

"இவங்க வீட்டுக்காரர். லேடீஸ் டெய்லர், இருபத்தாறு வருஷமா. கை வெக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. அவங்க சரியாத்தான் தைச்சிருந்தாங்க. நான்தான் தெரியாத்தனமா வலதை மேல கொண்டுவந்து கெடுத்துட்டேன். அதைப் பிரிச்சுட்டு அவங்களே திரும்பத் தைச்சாங்க. தப்பு முழுக்க என்னுது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். கடைக்கு வருகிற இரண்டு வாடிக்கையாளர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். தம் தையலில் தப்பு என்று கச்சிதம் தம் வாயால் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. சொன்ன பிறகு அவருக்கே உடம்பு லேசானது போல இருந்தது.

நடுவரம்மா மனைவியைப் பார்த்தார். "இவர் சொல்றது நெஜமா?"

"நெஜம்தாங்க. பதினெட்டு வருஷத்துல இவர் தப்புன்னு ஒத்துக்கிட்டது இதுதான் முதல் தடவை. எனக்கே நம்ப முடியல."

நடுவரம்மா துணியை இன்னொரு முறை முழுக்கத் திருப்பினார். ஒவ்வொரு தையலையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "பிறர் தையல் இருக்கக் கூடாதுன்னுதான் விதி. இப்ப இதுல இருக்கிறது வெறும் ஓட்டை. ஓட்டைக்கு விதி எதுவும் எழுதல. போய் மேடையில ஏறுங்க."

ஏறினாள். வாடகைத் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இறங்க வேண்டிய கடைசி ஆள் இறங்கிவிட்டானா என்று திரும்பிப் பார்க்கிற மாதிரி கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை, தினமும் செய்கிறதுதான். கைதட்டல் எழுந்தது. மச்சினி படம் எடுக்க மறந்து விசில் அடித்தாள்.

பதினொரு பேரில் நாலாவது இடம். பரிசு மூன்று பேருக்குத்தான். மூன்றாம் பரிசு வாங்கியவரின் உடையில் ஓரம் பிரிந்து தொங்கியதைக் கச்சிதம் மச்சினியிடம் ஏழு தடவை சொன்னார். மனைவிக்கோ கால் தரையில் பாவவில்லை. உடையைக் கழற்றவே மாட்டேன் என்று அப்படியே பேருந்தில் ஏறி, ஜன்னலோரம் பயணியாக உட்கார்ந்துகொண்டாள், பக்கத்தில் கச்சிதம். மச்சினி இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கிப் போனாள்.

"இப்பச் சொல்லுங்க" என்றாள் மனைவி. "வீட்டுக்காரரா இல்ல. டெய்லரா சொல்லுங்க. என் தையல் எப்படி?"

அவர் தயங்கினார். பிறகு சொன்னார். மடிப்பு ஐந்தும் ஐந்து தினுசு, பட்டி பாம்பு மாதிரி, முதுகுத் தையல் நடுவில் இல்லை, கழுத்து ஒரு பக்கம் இழுக்கிறது. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், யாரோ அவளைப் புகழ்வது போல.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நீ மேடையில நடந்து வந்தப்ப இதுல ஒண்ணுகூட என் கண்ணுல படல."

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினாள். "ஒண்ணுகூடவா?"

அவர் யோசித்தார். அவருக்கும்தான் பொய் வராது.

"அந்த இடது கை மட்டும் லேசா பட்டுது."

அவள் சிரித்த சிரிப்பில், வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார்.