மனோகரன் பெல் அடிச்சதும் நிறுத்தின கதை

மனோகரன் போயிட்டான்.

நேத்து காலையில. ஸ்கூல்ல பிரேயர் முடிஞ்ச கையோட... இதை ரெண்டு தடவை டைப் பண்ணி அழிச்சுட்டேன்.

எங்க ஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார். ஸ்டாஃப் ரூம்ல எனக்கு எதிர் டேபிள். இத்தனை வருஷமா என் டிபன் பாக்ஸை என்னைக் கேக்காமலே திறக்கறவன்.

நான் கணக்கு வாத்தியார், எனக்கு எழுத வராது. ஆனா யார்கிட்டயாவது சொல்லலன்னா நெஞ்சு வெடிச்சிடும். அதான் இங்க வந்து கொட்டறேன்.

அவன்கிட்ட படிச்ச பசங்களுக்குத் தெரியும்... ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்லித்தரணும்னா அவனுக்கு ஒரு கிரேக்கக் கதை வேணும். பேனிக்னா என்ன சார்னு கேட்டா அர்த்தம் சொல்ல மாட்டான்.

பான்னு ஒரு சாமி, ஆட்டுக்கால் உள்ள சாமி. காட்டுக்குள்ள திடீர்னு கத்தும், ஆடு மாடெல்லாம் காரணமே தெரியாம தெறிச்சு ஓடும். அந்த பயம்தான்டா பேனிக்னு முடிப்பான்.

எந்தக் கதையா இருந்தாலும் முதல்ல டீ டைம்ல என்கிட்ட சொல்லிப் பாப்பான். கணக்கு வாத்திக்கே புரிஞ்சா பசங்களுக்குப் புரிஞ்சிடுமாம். திமிர் பாருங்க.

இன்ஸ்பெக்‌ஷன்னு சர்க்குலர் வந்து நான் பரபரன்னு ஆனா, "இன்னாடா, ஆட்டுக்காலன் வந்துட்டானா?"ன்னு சிரிப்பான். வடக்குத்து ஊர்க்காரன். கிளாஸ்ல எவ்ளோ ஸ்டைலா இங்கிலீஷ் பேசினாலும் என்கிட்ட ஊர்ப்பேச்சுதான்.

செத்தவங்க போற உலகம், பூமிக்கடியில இருக்கு, அதுக்கு ஹேடிஸ்னு ஒரு ராஜான்னு அவன் ஆரம்பிச்ச அன்னிக்கு, பாதிப் பேரோட அப்பா நிலக்கரி மைன்ஸ்ல வேலை பாக்கற எங்க ஒன்பதாவது பசங்க கேட்ட முதல் கேள்வி, "எந்த மைன்ஸ் சார்?"

அடுத்தவன் எழுந்து, "அந்த ராஜா பர்மனென்டா கான்ட்ராக்டா சார்?"

"பர்மனென்ட்தான்டா. அங்க போறவங்களும் பர்மனென்ட்"னு சொன்னானாம். அன்னிக்கு அதைச் சொல்லிச் சொல்லி சிரிச்சு எனக்கு தயிர்சாதம் புரையேறிச்சு.

அவனுக்கு ஒரு ரூல் உண்டு. பெல் அடிச்சா கதை அந்த இடத்துலயே நிக்கும். மிச்சம் மறுநாள்தான், கால்ல விழுந்தாலும் சொல்ல மாட்டான்.

அவன் பொண்ணு யாழினியும் அதே ஒன்பதாவதுதான். வீட்டுக்குப் போய் அவ கெஞ்சினா, "வூட்ல நான் அப்பா. கதை வேணும்னா நாளைக்கு கிளாஸ்ல சார்கிட்ட கேளு"ம்பான். பெத்த பொண்ணுக்கே இந்த கதி.

வியாழக்கிழமை கடைசி பீரியட் ஆர்ஃபியஸ் கதை. பெரிய பாட்டுக்காரன். பொண்டாட்டி பாம்பு கடிச்சு செத்துடறா. அவளைத் தேடி பூமிக்கடியில போய்ப் பாடறான், அந்த ராஜாவே கரைஞ்சு போயிடறான்.

கூட்டிட்டுப் போ, உன் பின்னாடியே வருவா. மேல வெளிச்சத்துக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் திரும்பிப் பாக்காத, பாத்தா அவ உனக்கு இல்லன்னு கண்டிஷன்.

அவன் முன்னாடி நடக்கறான். பின்னாடி அவ வர்றாளான்னே தெரியல. காலடிச் சத்தம்கூட கேக்கல...

பெல் அடிச்சிடுச்சு.

மறுநாள் காலையில பிரேயர் முடியறப்ப, "நெஞ்சு இன்னாவோ பண்ணுதுடா"ன்னான். முகமெல்லாம் வேர்வை. ஆட்டோவுக்குக் காத்திருக்கத் தோணல. என் வண்டியிலயே அவனை நடுவுல உக்கார வெச்சேன், பின்னாடி அட்டெண்டர் செல்வம் புடிச்சிக்கிட்டார்.

என் முதுகுல சாஞ்சிக்கிட்டே வந்தான். நான் ஹாரன்ல வெச்ச விரலை எடுக்கவே இல்ல.

"ஆட்டுக்காலன் வந்துட்டானாடா... மெதுவா போடா"ன்னான்.

அதுதான் கடைசி. ரவுண்டானா தாண்டினதும் முதுகுல பாரம் கூடிடுச்சு. பேசுடா மனோ, ஏதாவது பேசுடான்னு கத்திக்கிட்டே ஓட்டறேன். திரும்பிப் பாக்க முடியல, பாத்தா மூணு பேரும் விழுவோம்.

ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கறப்பவே எல்லாம் முடிஞ்சிருந்துச்சு.

கடவுளே, இன்னும் கொஞ்ச நேரம் அவனை விட்டு வெச்சிருக்கக் கூடாதா? நான் யாரைப் போய்க் கேக்கறது...

இன்னிக்கு மத்தியானம் வடக்குத்து சுடுகாட்டுல எடுத்துட்டாங்க. யாழினிதான் கொள்ளி வெச்சா. சொந்தக்காரங்க ரெண்டு பேர் முனகினாங்க. "எம்பொண்ணுதான் வெப்பா"ன்னு அவ அம்மா காலையில வீட்டுலயே சொல்லி அனுப்பிட்டாங்க.

வெச்சு முடிச்சதும் மனோவோட அண்ணன் அவ தோளைப் புடிச்சு, "திரும்பிப் பாக்காம நட கண்ணு. பாக்கக் கூடாது"ன்னார். எல்லாருக்கும் சொல்றதுதான். எங்க அப்பாவுக்கு வெச்சப்ப எனக்கும் சொன்னாங்க.

கொஞ்ச தூரம் நடந்தா. நின்னுட்டா. பக்கத்துல நடந்த என்னைப் பாத்தா.

"சார்... அந்தப் பாட்டுக்காரன் திரும்பிட்டானா சார்? அப்பா வூட்ல சொல்லவே இல்ல. நாளைக்கு கிளாஸ்ல கேளுன்னாரு."

எனக்கு முடிவு தெரியும். புதன்கிழமையே டீக்கடையில சொல்லிட்டான் பாவி.

இல்லம்மா, திரும்பலன்னு சொல்லிடலாம். குழந்தை வீட்டுக்கு நடந்து போயிடும். அவ பெரியப்பாவும் அதைத்தான் எதிர்பாக்கற மாதிரி என்னையே பாக்கறார். ஆனா அவன் கதையை நான் மாத்தறதா?

"திரும்பிட்டான்மா. அவனால முடியல."

"அவ போயிட்டாளா?"

"போயிட்டா."

தலையை ஆட்டினா. அப்புறம் திரும்பிட்டா. பெரியப்பா தடுக்கல.

நானும் பாத்தேன் மனோ. நல்லா எரிஞ்சிக்கிட்டு இருந்தே.

மெதுவா போடா.